பெருங்காயம் இல்லாத ரசம்

இன்று மதியம் பந்தியில் சாப்பிட்டவர்களில் சிலருக்கு, சாம்பாரிலும் ரசத்திலும் ஏதோ குறைகிறதே என்று தோன்றியிருக்கும். சமையல்காரரை யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். எங்கள் வீட்டில் பல வருடங்களாகவே பெருங்காயம் கிடையாது. சின்னம்மாவின் முதலாண்டு நினைவு நாளில் மட்டும் எப்படி இருக்கும்? காரணம் தெரியாதவர்களுக்காகவும், தெரிந்தும் மறந்துவிட்டவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். மறந்துவிட்டவர்கள் கொஞ்சம் அதிகம். பெயர் சொல்ல மாட்டேன், பயப்படாமல் படிக்கலாம்.

சின்னம்மா பிறந்தது ஜவளகிரியில். காட்டோரத்தில் ராகி விதைத்து, யானையும் பன்றியும் தின்றது போக மிச்சத்தை அறுத்துக்கொண்டிருந்த குடும்பம். வீட்டில் கன்னடமும் தமிழும் கலந்த பேச்சு. எங்களைப் பெற்ற அம்மா, தம்பி கைக்குழந்தையாக இருக்கும்போதே மஞ்சள் காமாலையில் போய்விட்டார். ஓசூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த அப்பா, ஷிப்டுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவில் சில வருடங்கள் திண்டாடிவிட்டு, எண்பதுகளின் தொடக்கத்தில் சின்னம்மாவைக் கட்டிக்கொண்டு வந்தார். எனக்கு அப்போது பத்து வயது. தம்பிக்கு நாலு.

தம்பியைப் பார்த்தவர்கள் அந்த வயது என்று நம்ப மாட்டார்கள். கை கால் குச்சி, வயிறு மட்டும் பானை. எது தின்றாலும் வயிற்றால் போகும். பூச்சி மருந்து கொடுத்தார்கள், மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். ஒன்றும் கேட்கவில்லை. சின்னம்மா வந்த முதல் மாதமே, அப்பாவை லீவு போட வைத்து, அவனைத் தூக்கிக்கொண்டு பெங்களூருக்குப் போனார். அங்கே ஒரு குழந்தை டாக்டர் பரிசோதனையெல்லாம் செய்துவிட்டு, கோதுமை இவன் குடலை அரிக்கிறது என்றார். கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி எதுவும் ஆயுசுக்கும் கூடாது. ஒரு துணுக்கு பிஸ்கட்கூடக் கூடாது.

இதில் கொடுமை என்னவென்றால், தம்பி தின்றதே பன்னும் பிஸ்கட்டும்தான். சோற்றைக் கண்டால் வாயை இறுக்கிக்கொள்வான். களி கறுப்பாக இருக்கிறது என்பான், இட்லியில் ஓட்டை இருக்கிறது என்பான். கீரை என்ற சொல்லைக் கேட்டாலே குமட்டுவான். போதாததற்கு, நோயாளிப் பிள்ளையைப் பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவார்களா? ரொட்டி, ரஸ்க், பன் என்று வாங்கிவந்து அவன் கையிலேயே கொடுப்பார்கள். சின்னம்மா பிடுங்குவார். அவன் தெருவே கூடும்படி அழுவான். வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். இளையாள் வந்து மூத்தாள் பிள்ளையைப் பட்டினி போடுகிறாள் என்று எங்கள் லைன் வீடுகளில் பேச்சு கிளம்ப அதிக நாள் ஆகவில்லை.

சின்னம்மா என்னென்னவோ செய்து பார்த்தார். ராகி மாவில் வெல்லம் போட்டுப் பிசைந்து, பன் போலவே உருட்டி, மேலே எண்ணெய் தடவிப் பளபளவென்று வேகவைத்துக் கொடுத்தார். தம்பி அதை முகர்ந்து பார்த்துவிட்டு, "இது பன்னு இல்ல. என்ன ஏமாத்துற," என்று தள்ளிவிட்டான். கடைசியில் ஒன்றே ஒன்றுக்குத்தான் வாயைத் திறந்தான். நெய்யில் பெருங்காயம் பொரித்துக் கொட்டிய ரசத்தில் குழையப் பிசைந்த சோறு. அந்த வாசனை அவனுக்குப் பிடித்துவிட்டது. வயிற்றுக்கும் நல்லதுதானே என்று சின்னம்மா தாராளமாகவே போட்டார். மோரிலும் கரைத்துக் கொடுத்தார். வயிறு உப்பினால் தொப்புளைச் சுற்றிப் பற்றும் அதுதான். பன்னை மறந்து மூன்று வேளையும் ரசச்சோறு தின்கிறானே, இனி தேறிவிடுவான் என்று நாங்கள் நினைத்தோம்.

அவன் தேறவில்லை.

ஆடியில் பாரூரிலிருந்து எங்கள் தாய்மாமா வந்தார். தங்கையின் பிள்ளைகள் என்றால் உயிரை விடுகிறவர். பஸ் ஸ்டாண்டு பேக்கரியில் வாங்கிய பன்னை, நாங்கள் பார்ப்பதற்குள் தம்பி கையில் கொடுத்துவிட்டார். அவன் பாதியை வாயில் திணித்துக்கொண்டான். சின்னம்மா அடுப்பங்கரையிலிருந்து ஓடிவந்தார். "துப்புடா" என்றார். அவன் துப்பவில்லை. அவன் தாடையைப் பிடித்து, ஆட்காட்டி விரலை வாய்க்குள் விட்டு, அத்தனையையும் வழித்து வெளியே எடுத்தார். தம்பி விரலைக் கடித்தான். ரத்தம் வந்தது. சின்னம்மா விரலை எடுக்கவில்லை, கடைசித் துணுக்கு வரும்வரை.

மாமாவுக்கு முகம் கறுத்துவிட்டது.

"ஏம்மா, தின்னுற புள்ள வாயில இருந்து புடுங்குறியே, நீயெல்லாம் பொம்பளையா?"

"அவனுக்கு அது ஆகாதுங்கண்ணா. டாக்டரு சொல்லியிருக்காரு."

"எந்த டாக்டரு புள்ளயப் பட்டினி போடச் சொன்னான்? உன் வயித்துல பொறந்திருந்தா இப்படிப் பண்ணுவியா?"

மாமா அப்பாவைப் பார்த்து, "மாப்ள, வர்ற பொங்கலுக்கு வருவேன். அதுக்குள்ள பையன் தேறலைன்னா பாரூருக்குத் தூக்கிட்டுப் போயிருவேன். என் தங்கச்சி புள்ளைய நான் வளத்துக்குவேன்," என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அந்த மௌனத்துக்காக நான் அப்பாவை மன்னிக்க ரொம்ப நாளாயிற்று.

எனக்கிருந்த பயமெல்லாம் வேறு. பாரூரில் கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுப்பார்கள், அவ்வளவு பாசம். ரொட்டி கேட்டால் ரொட்டி, பன் கேட்டால் பன். அங்கே போனால் தம்பி பிழைக்க மாட்டான் என்று எனக்குத் தெரியும். சின்னம்மாவுக்கும் தெரியும்.

ஐப்பசியில் மறுபடி பெங்களூர் போனோம். டாக்டர் தம்பியின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சலித்துக்கொண்டார். எனக்குத் தெரியாமல் ஏதோ கொடுக்கிறீர்கள், இல்லாவிட்டால் இப்படி இருக்காது என்றார். சின்னம்மா தாலியைத் தொட்டுச் சத்தியம் செய்தார். டாக்டர் நம்பவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் சின்னம்மா கன்னடத்தில் தனக்குத்தானே ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். கோபம் வந்தால்தான் அவருக்குக் கன்னடம் வரும். அன்று வந்தது கோபம் இல்லை.

பெங்களூர் அலைச்சலுக்கு அப்பாவின் சம்பளம் போதவில்லை. பக்கத்து வீட்டு அக்கா ஒருவர், தான் போகும் ஷெட்டிலேயே சின்னம்மாவையும் வேலைக்குச் சேர்த்துவிட்டார். பெருங்காயம் தயாரித்து டப்பாவில் அடைக்கிற ஷெட். முதல் நாள் காலையில், பெரிய தட்டு ஒன்றில் மாவு மூட்டையைக் கவிழ்த்தார்களாம். சின்னம்மா, "இது என்னக்கா?" என்று கேட்டிருக்கிறார்.

"மைதாதான்."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? வெறும் காயம் நெருப்பு மாதிரி இருக்கும், அத யாரு தின்ன முடியும்? மாவு போட்டுப் பெசஞ்சாத்தான் கட்டி நிக்கும். நீ இத்தன நாளு என்னான்னு நெனச்சு வாங்குன?"

கையில் எடுத்த டப்பாவைக் கீழே வைத்துவிட்டுச் சின்னம்மா நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டார். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது, வாசலில் நின்று உடுத்தியிருந்த புடவையை உதறிக்கொண்டிருந்தார். உள்ளே வர அவருக்கே பயம். "கண்ணு, அந்தக் காய டப்பாவ எடுத்துட்டுப் போயி தூரமா வீசிரு. ரசச் சட்டியையும் வீசிரு," என்றார். பிறகு படியிலேயே உட்கார்ந்து, "நானே போட்டேனே, என் கையாலயே போட்டேனே," என்று அழுதார். சின்னம்மா அழுது நான் பார்த்தது அன்றுதான்.

அழுது முடித்த பிறகுதான் அடுத்த சங்கடம் உறைத்தது. தம்பி தின்பது அது ஒன்றைத்தான். அதையும் நிறுத்தினால்?

நிறுத்தினார். காயம் போடாத ரசத்தை ஊற்றிப் பிசைந்து கொடுத்தால் தம்பி வட்டிலைத் தட்டிவிட்டான். மறுநாளும் தட்டிவிட்டான். உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரையும் இளநீரையும் ஸ்பூனால் புகட்டினார். அவன் கழுத்து நிற்காமல் தொங்கியது. மார்கழி பிறந்துவிட்டது. அக்கம்பக்கத்தார் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். ஒருவர் பாரூருக்குக் கார்டு போட்டுவிட்டதாகவும் கேள்விப்பட்டோம். அப்பாகூட, "போனாப் போவுது, கொஞ்சம் போட்டுக் குடேன். கண்ணு முன்னால சாவறான்," என்றார். சின்னம்மா அப்பாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மார்கழி எங்கள் பக்கத்தில் அவரைக்காய் காலம். சின்னம்மா அவரைக்கொட்டையை ஊறவைத்து, குழம்புக்குப் பிதுக்கிக்கொண்டிருந்தார். தோலை அழுத்தினால் பருப்பு குதித்து வெளியே விழும். பாயில் கிடந்த தம்பி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நகர்ந்து வந்து, ஒன்றை எடுத்து அழுத்தினான். பருப்பு பறந்துபோய்ச் சுவரில் பட்டது. சிரித்தான். சின்னம்மா ஊறிய கொட்டையை அவன் பக்கம் தள்ளிவைத்தார். அவன் பிதுக்கியதை மட்டும் தனியாக வேகவைத்து, உப்புப் போட்டு, ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்தார். தின்னு என்று சொல்லவில்லை. "இது நீ பிதுக்குனது," என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். தின்றான்.

அப்புறம் பருப்போடு கொஞ்சம் சோறு, குழம்போடு கொஞ்சம் களி. வயிற்றால் போவது மெல்ல மெல்ல நின்றது.

பொங்கலன்று சொன்னபடி மாமா வந்தார், கையில் பெரிய பையோடு. தம்பியின் துணிகளை எடுத்துவைக்கச் சொன்னார். அவனுக்கு உடம்பு இன்னும் ஊறவில்லை, பார்வைக்குக் குச்சிதான். சின்னம்மா வாதாடவில்லை, கும்பிட்டார். அப்போது உள்ளேயிருந்து தம்பி, "சின்னம்மா, இன்னொரு உருண்ட களி போடு," என்று கத்தினான். மாமா உள்ளே போய்ப் பார்த்தார். வட்டில் வழித்து நக்கியிருந்தது. இன்னும் வேண்டும் என்று அந்தப் பிள்ளை கேட்டு யாரும் கேட்டதில்லை. மாமா அப்படியே அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். சாயந்திரம் வெறும் பையோடு பஸ் ஏறினார். அடுத்த அறுப்புக்கு, "என் தங்கச்சி வீட்டுக்கு" என்று சொல்லி நெல் மூட்டை அனுப்பினார். எந்தத் தங்கச்சி என்று நாங்கள் கேட்கவில்லை.

சின்னம்மாவுக்கு வயிற்றில் பிள்ளை தங்கவில்லை. என்னைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தார். அப்பா போன பிறகு தையல் மிஷினை வைத்துத் தம்பியை ஐ.டி.ஐ. முடிக்கவைத்தார். சிறுநீரகம் கெட்டு, உப்பில்லாப் பத்தியம் வந்தபோது, பத்தியத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்று சிரித்தார். கடைசி வாரங்களில் சுயநினைவு விட்டு விட்டு வந்தபோதும், தம்பி என்ன தின்றான் என்று கேட்டார்.

ஆஸ்பத்திரியில் ராத்திரித் துணைக்கு இருந்த லைன் வீட்டுப் பெண்களுக்கும், ரத்தம் கொடுத்த தம்பியின் தொழிற்சாலை நண்பர்களுக்கும், ஜவளகிரியிலிருந்து ஓடிவந்த சொந்தங்களுக்கும் எங்கள் நன்றி. நோயாளியைப் பார்க்க ரொட்டி வாங்கி வந்தவர்களுக்கும் நன்றி, உங்களைத் திருத்த முடியாது.

கடைசியாக மாமாவுக்கு. சென்ற வருடம் சின்னம்மாவை வாசலில் கிடத்தியிருந்தபோது, இவன் பெற்ற பிள்ளை இல்லையே, காரியத்தைப் பங்காளி வீட்டுப் பையன் செய்யட்டுமே என்று ஒருவர் இழுத்தார். தம்பி வாய்க்கரிசிக்கு எடுத்த அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். கோலூன்றி வந்திருந்த மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவனிடம் போனார்.

"இவன் வாய்க்குள்ள வெரல விட்டு உசுர மீட்டவ அவ. இவன் போடாம வேற எவன்டா போடுவான்?"

தம்பி போட்டான்.