முதுகைக் காட்டிய பாடகர்

டொரன்டோவில் மாலை ஏழு மணி. போஸ்ட்-பங்க் ராக் கச்சேரிக்கு வந்த கூட்டம் உள்ளே போய்விட்டது. என்னை மிசிசாகாவிலிருந்து காரில் அழைத்து வந்த ரவி அண்ணை மட்டும், இதே இசைக்குழுவை இருபது வயதில் இதே அரங்கில் பார்த்த கதையை வாசல் காவலாளிக்குச் சொல்ல ஆரம்பிக்கிறார். வரும் வழியில் நான் இரண்டு தடவை கேட்டாயிற்று. பாடகர் கடைசிவரை முதுகைக் காட்டியே பாடினாராம். எங்கள் இரண்டு டிக்கெட்டும் அவர் போனில். காவலாளி ஸ்கேனரை நீட்டியபடி நிற்கிறார். உள்ளே டிரம்ஸ் அதிர்கிறது.

“அண்ணை, ஆரம்பிச்சிட்டாங்க.”

“பொறும். அண்டைக்கும் இந்த வாசலிலை நிண்டுதான் பாட்டுக் கேட்டனான். டிக்கெற் கிடைக்கேல்லை.”

“அப்ப அந்த முதுகு?”

“அது உள்ளுக்கை நிண்டவங்கள் சொன்னது” என்கிறார், போனை இன்னும் எடுக்காமல்.