ஓடுபாதையில் ஒரு போர்டு

கல்யாணமான புதிதில் காரைக்குடிக்கு வெளியே ஒரு மாட்டுப் பண்ணையில் டைப்பிஸ்டாக இருந்தேன். இரண்டாம் உலக யுத்த காலத்தில் அது விமானத்தளம். பட்டாளத்தார் தங்கிய கட்டடங்களில் எழுபதுகளில் கன்றுக்குட்டிகள் தங்கின. சிமென்ட் ஓடுபாதையில் பக்கத்து ஊர்ப் பெண்கள் மிளகாய் காயப்போட்டார்கள்.

எங்கள் மேனேஜர் சரித்திரப் பிரியர். பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகளுக்காக வழிநெடுகப் போர்டு வைத்தார். வாசகமெல்லாம் அவருடையதுதான். "இறந்தகாலத்தில் எழுதினால் உயிர் இருக்காதும்மா" என்பார். அதனால் ஓடுபாதைப் போர்டு இப்படி அமைந்தது: 'போர் விமானங்கள் இறங்கும் இடம். சற்று நின்று வானத்தைப் பாருங்கள்.'

மறுநாள் ஓடுபாதையில் ஒரு மிளகாய்கூட இல்லை. பெண்கள் ஓரமாக நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் பதறிப்போய் ஓடினார். நானும் பின்னாலேயே போனேன்.

அவர்களில் மூத்தவர் கேட்டார்: "எப்ப வருதுக? சொன்னீகன்னா அதுக்குத் தக்கன காயப்போட்டுக்குவோம்."

"வராதும்மா. அது அந்தக் காலம்."

"அப்ப எதுக்கு மேல பாக்கச் சொல்லுறீக?"

கற்பனை செய்துகொள்ளத்தான் என்று அவர் விளக்கினார். அந்தம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தக் காலம்னா முழுசா எழுதுங்க. ஏரோப்ளேனுக்கு முந்தி இது எங்க மாமனார் வரகு வெதச்ச காடு. பட்டாளம் வருதுன்னு எங்களை அங்குட்டுப் போகச் சொல்லிட்டாக" என்றார். குரலில் குறை எதுவும் இல்லை. வேலியில் கிழிந்த சேலையைக் காட்டுவதுபோல் கையை நீட்டி எல்லையைக் காட்டினார்.

மேனேஜர் அன்றைக்கே வாசகத்தை மாற்றிக் கொடுத்தார். வரகு, விமானம், மிளகாய் என்று மூன்றும் சேர, பெயின்டர் எழுத்தைச் சுருக்கிச் சுருக்கி எறும்பளவில் கொண்டுவந்து முடித்தார்.

மிளகாய் திரும்பி வந்தது. பள்ளிக்கூடம் போகும் தன் பேத்தியை விட்டுப் போர்டைப் படிக்கச் சொல்லிக் கேட்டார் அந்தம்மா.

"மாமனார் பேரைக் காணோமே?"

"போர்டுல இடமில்லம்மா" என்றார் மேனேஜர்.

"ஏரோப்ளேனுக்கு மட்டும் இடம் இருந்துச்சாக்கும்."

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் மிளகாயைப் பார்த்தேன். அடுத்த வாரம், விமானத்தைவிடப் பெரிய எழுத்தில், அந்தப் பெயருக்கென்றே தனியாக ஒரு போர்டு வந்து நின்றது.