இடமிருந்து மூன்றாவதாக நிற்பவர்

எங்கள் ஊர்க் கபடிக் கழகத்துக்கு நான் செயலாளரானதற்கும் விளையாட்டுக்கும் தொடர்பில்லை. சேலத்தில் சமூகப்பணி படித்து முடித்து, பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு நான் திரும்பியிருந்த நேரத்தில் கழகம் பெண்கள் அணி ஒன்றைத் தொடங்கியது. பெண் பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்ப வேண்டுமானால் பொறுப்பான பெண்ணொருத்தி கூடப் போக வேண்டும் என்று பெற்றோர் கேட்டார்கள். ஊரில் சும்மா இருந்த பட்டதாரிப் பெண் நான் ஒருத்திதான். நான் கபடி ஆடியதே இல்லை என்பதை யாரும் ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

கழகத்தின் பழைய ஓட்டுக் கட்டடத்தில், கோப்பை அலமாரிக்கு மேலே ஒரு குழுப்படம் மாட்டியிருந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் மாவட்டக் கோப்பையை வென்ற அணி அது. ஏழு பேர் நிற்கிறார்கள். இடமிருந்து மூன்றாவதாக நிற்பவருக்குக் கழுத்துவரை மனித உடல், கழுத்துக்கு மேல் பிள்ளையார். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பிள்ளையார் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் எங்கள் பிள்ளைகள் வரிசையாக வந்து, கண்ணாடியின் மேல் அந்த இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மைதானத்துக்குப் போவார்கள். வெளியூர் அணிகளும் மரியாதைக்குத் தொட்டுவிட்டுப் போவதுண்டு. பல ஆண்டு விபூதியிலும் குங்குமத்திலும் கண்ணாடியின் அந்தப் பகுதி மங்கியே போயிருந்தது.

அந்த ஸ்டிக்கரை ஒட்டிய காரணம் எனக்குத் தெரியவந்தது, அதற்குப் பின்னால் இருந்தவர் என்னைத் தேடி வந்த நாளில்தான். வெற்றிலைக் கொடிக்காலில் வேலை செய்பவர், ஐம்பதை நெருங்கியவர். கழகத்தின் படலுக்கு வெளியே நின்றபடியே பேசினார்.

“உள்ள வாங்கண்ணா.”

“வரக்கூடாதுங்க அம்மிணி. தடை இருக்குது.”

தடையின் கதையை அவரே சொன்னார். அந்த இறுதிப் போட்டியில் எங்கள் அணி இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தது. கடைசி ரெய்டு போனவர் இவர். மூன்று பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினார், கோப்பை எங்களுடையதாயிற்று. தோளில் தூக்கிவைத்து மாலை போட்டுக்கொண்டிருந்தபோது, எங்கள் ஊர்க்காரர் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, மிகுந்த மகிழ்ச்சியோடு, இவருடைய மொபட் சாவியைக் கேட்டார். எங்கள் அணி தோற்கும் என்று இவர் அவரிடம் மொபட்டைப் பந்தயம் கட்டியிருந்தார். தம் அணிக்கு எதிராகப் பந்தயம் கட்டிவிட்டு, அந்த அணியை வெல்லவைத்து, அந்த வெற்றியில் தம் மொபட்டை இழந்து, கோப்பையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே ஊர் வந்து சேர்ந்தார். மறுவாரம் அவருக்கு வாழ்நாள் தடை. ஆடக்கூடாது, கழகத்துக்குள் கால் வைக்கக்கூடாது. முகத்தையும் மறைக்க முடிவு செய்தார்கள். கண்ணாடிக்கு மேலே ஒட்டினால் யாராவது சுரண்டிவிடக்கூடும் என்று சட்டத்தைப் பிரித்துப் படத்தின் மேலேயே ஒட்டினார்கள். கையில் அப்போது கிடைத்த ஸ்டிக்கர் அது ஒன்றுதான்.

மொபட்டை வென்றவருக்குத் தடை எதுவும் இல்லை. விதி ஆட்டக்காரர்களைப் பற்றி மட்டுமே பேசியது. அவர்தான் இப்போது எங்கள் கழகத்தின் தலைவர்.

“இப்ப எதுக்குங்கண்ணா இதெல்லாம்?” என்று கேட்டேன்.

“என்ற புள்ள உங்க டீம்ல ஆடறாளுங்க. அவளும் தெனம் அதத் தொட்டுக் கும்புட்டுட்டுத்தான் போறா. அது நாந்தான்னு சொன்னா நம்ப மாட்டேங்கறா. வேற போட்டோ எங்கிட்ட இல்லீங்க. எடுத்த ஸ்டூடியோ இப்ப செல்போன் கடை. புதுக் கட்டடத்துல மாட்டறப்பவாச்சும் அந்த ஸ்டிக்கர எடுத்துரோணும். ஒருக்கா அவ என்ற மூஞ்சியப் பாக்கோணும். அவ்வளவுதானுங்க.”

புதுக் கட்டடம் எழும்பி முடியும் தறுவாயில் இருந்தது. அதில் சாதனையாளர் சுவர் ஒன்று அமைப்பதென்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. பந்தயம் கட்டித் தடை பெற்ற ஓர் ஆட்டக்காரருக்கு அந்தச் சுவரில் இடமுண்டா என்பதைச் செயற்குழுவின் முன் வைத்தேன். உண்மையில் எனக்கே தெளிவில்லை. எங்கள் இளைஞர்களில் பலர் மாலை நேரங்களில் கைப்பேசியைக் குனிந்து பார்த்துக்கொண்டு, எங்கோ நடக்கும் ஆட்டத்தின் ஒவ்வொரு பந்துக்கும் பந்தயம் கட்டுகிறார்கள். அவர்கள் கண்முன்னே இவரைப் போற்றினால் அதன் விளைவு என்ன என்று இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன்.

அந்த இரண்டு பக்கத்தையும் படிக்க வாய்ப்பே வரவில்லை.

“அதெல்லாம் செரி அம்மிணி,” என்றார் தலைவர். “பிள்ளையாரப் பிய்க்கறது யாரு?”

தடையை நீக்கலாமா, குற்றம் பெரிதா சிறிதா என்பதெல்லாம் ஒரு நொடியில் மறைந்து, பிள்ளையாரைப் பிய்ப்பவரின் குடும்பம் என்னவாகும் என்பதே கேள்வியாயிற்று. பொருளாளர் தமக்குப் பேரன் பிறக்கவிருப்பதாகச் சொல்லி முன்கூட்டியே ஒதுங்கிக்கொண்டார். கடைசியில், பிய்க்கப்படவிருப்பவரையே கேட்டுவிடுவதுதான் முறை என்று முடிவானது. ஊர்ப் பிள்ளையார் கோயிலில் பூக்கேட்பது. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் எடுக்கலாம், சிவப்பு வந்தால் கூடாது.

சூதாடியவருக்கு மரியாதை செய்யலாமா என்பதைப் பொட்டலம் எடுத்துப் பார்த்தா தீர்மானிப்பது என்று நான் கேட்டேன்.

“சாமி வாக்கு சூதுங்களா அம்மிணி?” என்று தலைவர் வருத்தத்தோடு கேட்டார். “படிச்ச புள்ள இப்படிப் பேசலாமா?”

வெள்ளிக்கிழமை காலை கோயிலுக்குப் போனபோது எந்தக் கபடிப் போட்டிக்கும் வராத கூட்டம் அங்கே நின்றது. எதிரே இருந்த புரோட்டாக் கடையில், அன்றைய பலகாரங்களை எழுதிவைக்கும் பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் சிவப்பு என்று எழுதியிருந்தார்கள். வெள்ளையின் கீழ் ஆறு புரோட்டா, ஒரு நாட்டுக்கோழி, மூன்று அட்டை முட்டை. சிவப்பின் கீழ் ஏறக்குறைய அதே அளவு. என்னைத் தவிரச் செயற்குழு உறுப்பினர்கள் அத்தனை பேரும் இரண்டு பக்கங்களிலுமாக இருந்தார்கள். பேரனுக்காக ஒதுங்கிய பொருளாளர் நான்கு புரோட்டாவோடு சிவப்பில் இருந்தார்.

பூசாரி எடுத்த பொட்டலத்தில் வெள்ளைப் பூ இருந்தது.

மகிழ்ச்சியோடு, ஸ்டிக்கருக்குப் பின்னால் இருந்தவரைத் தேடினேன். அவர் தோளில் ஒரு வாழைத்தாரைச் சுமந்துகொண்டு தலைவர் வீட்டுப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார்.

“என்னங்கண்ணா இது?”

“தோத்துட்டேனுங்க அம்மிணி. சிவப்பு வரும்னு கட்டியிருந்தேன்.” அவர் முகம் மலர்ந்திருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. உங்களுக்காகத்தானே இத்தனையும், நீங்களே உங்களுக்கு எதிராகக் கட்டுவீர்களா என்று கேட்டேன். தாரை இறக்கிவைத்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார்.

“எம்பட ராசி உங்களுக்குத் தெரியாதுங்க. நான் எந்தப் பக்கம் கட்டுனாலும் அந்தப் பக்கம் தோக்கும். சின்னதுலருந்தே அப்படித்தான். வெள்ளை வரோணும்னா நான் சிவப்புல கட்டித்தான ஆகோணும்?”

நான் கேட்டேன்: “அப்ப அந்த பைனல்லயும்?”

“ரெண்டு மாசச் சம்பளத்துல வாங்குன மொபட்டுங்க,” என்றார். “சும்மா கொடுத்துருவனா? டீம் ஜெயிக்கோணுமே.”

அவர் சொன்னது உண்மையா என்று இன்றும் எனக்கு உறுதியில்லை. இருபது ஆண்டுகளாக இதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “சொன்னா சிரிப்பாங்க” என்றார். பக்கத்தில் வந்து நின்ற தலைவர் சிரிக்கவில்லை. “நான் இவன எப்பவும் நம்பித்தானுங்க கட்டறது,” என்று சொல்லிவிட்டு வாழைத்தாரைத் தூக்கிக்கொண்டார்.

அன்று மாலைதான் சிக்கல் எனக்குப் புரிந்தது. சாதனையாளர் சுவருக்கான விதிகளை நானே எழுதியிருந்தேன். கழகத்தின் எந்த நடவடிக்கை குறித்தும் இனிமேல் பந்தயம் கட்டுபவருக்குச் சுவரிலும் இடமில்லை, செயற்குழுவிலும் வாக்கில்லை. ஆக, பிள்ளையார் அவருக்கு அனுமதி தந்த அதே நொடியில் அவர் மீண்டும் தகுதி இழந்திருந்தார். அவரோடு செயற்குழு முழுவதும் தகுதி இழந்திருந்தது. பந்தயம் கட்டாத உறுப்பினர் நான் மட்டுமே. ஒருத்தியாக உட்கார்ந்து, ஒருத்தியாக விவாதித்து, ஒருமனதாக முடிவெடுக்க வேண்டியிருந்தது.

நான் படிக்காமல் விட்ட இரண்டு பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். இவரைப் போற்றினால் பிள்ளைகள் என்ன கற்பார்கள் என்று அதில் எழுதியிருந்தேன். இருபது ஆண்டுகளாக மறைத்துவைத்ததில் என்ன கற்றார்கள் என்பதை எழுதவில்லை. முகத்தோடு சேர்ந்து அவருடைய தவறும் ஸ்டிக்கருக்குள் போய்விட்டது. எங்கள் பிள்ளைகளில் ஒருவருக்குக்கூட அங்கே ஒரு தண்டனை ஒட்டப்பட்டிருக்கிறது என்று தெரியாது. அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போய் கைப்பேசியில் பந்தயம் கட்டுகிறார்கள். அவர் ஆடிய ஆட்டம் நடந்தது. கட்டிய பந்தயமும் நடந்தது. இரண்டையும் ஒரே இடத்தில் எழுதிவைப்பதுதான் நேர்மை என்று தோன்றியது. தடை தொடரட்டும், முகம் தெரியட்டும். படத்தின் கீழே கருங்கல் பலகையில் இப்படிச் செதுக்கத் தீர்மானித்தேன்:

“இடமிருந்து மூன்றாவதாக நிற்பவர்: கடைசி ரெய்டில் மூவரைத் தொட்டுத் திரும்பி இக்கோப்பையை வென்றவர். அதே ஆட்டத்தில் தம் அணி தோற்கும் என்று பந்தயம் கட்டியவர். அதற்காக வாழ்நாள் தடை பெற்றவர். அப்பந்தயத்தில் தம் மொபட்டைக் கழகத்தின் இந்நாள் தலைவரிடம் இழந்தவர்.”

கடைசி வரியைத் தலைவர் கடுமையாக எதிர்த்தார். அவருக்கு வாக்கில்லை என்பதை நினைவூட்டினேன்.

பலகை செதுக்கி முடிந்து, சுவரில் பதித்தும் ஆயிற்று. திறப்பு விழாவுக்கு முந்தைய நாள் பிற்பகல், புதுக் கட்டடத்தின் வாசலில் படத்தில் இருப்பவரும் அவர் மகளும் நிற்க, நான் படத்தைச் சட்டத்திலிருந்து பிரித்தேன். தலைவர் கற்பூரம் ஏற்றி மன்னிப்புக் கேட்டார். சுடுதண்ணீரில் நனைத்த பஞ்சால் ஒத்தடம் கொடுத்து, நகத்தால் மெல்ல ஓரத்தைத் தூக்கி இழுத்தேன். பிள்ளையார் முழுசாக வந்துவிட்டார்.

முகமும் அவரோடு வந்துவிட்டது. படத்தில் கழுத்துக்கு மேல் வெறும் வெள்ளைத் தாள். ஸ்டிக்கரைத் திருப்பினேன். அதன் முதுகில், இடம் வலம் மாறி, இருபத்தேழு வயதில் ஒருவர் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

நான் அதை அந்தப் பெண்ணின் உள்ளங்கையில் வைத்தேன். அவள் நெடுநேரம் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். மறுபடியும் ஸ்டிக்கரைப் பார்த்தாள்.

“நீதானாப்பா?”

“பின்ன?”

“இத்தன முடி இருந்துச்சா உனக்கு?”

அவர் தலையைத் தடவிக்கொண்டார். “இருந்துச்சு கண்ணு.”

முகம் தெரியத் திருப்பி ஒட்டிவிடலாமா என்று கேட்டேன். பிள்ளையார் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதாவது என்று தலைவர் பதறினார். வெள்ளையாகவே விடலாமா என்றேன். தலையில்லாத மனிதனைத் திறப்பு விழாவில் மாட்டுவதா என்றார். கடைசியில் அப்பாவே மகளின் கையிலிருந்து அதை வாங்கி என்னிடம் நீட்டினார்.

“இருந்த மாதிரியே ஒட்டிருங்க அம்மிணி. இவ பாத்துட்டா. நான் உள்ளதான இருக்கறன்.”

ஒட்டினேன். கருங்கல் பலகையை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

மறுநாள் திறப்பு விழா ஆட்டத்துக்கு ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண்கள் அணி வந்திருந்தது. அதன் தலைவி படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கீழே இருந்ததை உரக்கப் படித்தாள். படித்து முடித்துவிட்டுப் பிள்ளையாரை நிமிர்ந்து பார்த்தாள்.

“சாமியா பந்தயம் கட்டிச்சு?”

“எங்கப்பா கட்டுனாரு,” என்றாள் எங்கள் பெண்.

“உங்கப்பா எங்க இதுல?”

“அதுக்குப் பின்னால. நேத்துதான் பாத்தேன். தலை நெறைய முடி.”

வந்தவள் ஒரு கணம் யோசித்தாள். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்பதுபோல், இன்னொரு முறை தொட்டு ஒற்றிக்கொண்டு மைதானத்துக்கு ஓடினாள். எங்கள் பெண்ணின் அப்பா சுற்றுச்சுவருக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டம் தொடங்குமுன் அவரிடம் போய், இன்று யாரிடமாவது ஏதாவது கட்டியிருக்கிறீர்களா என்று கேட்டேன்.

“இல்லீங்க அம்மிணி,” என்றார். “இவ ஜெயிச்சா தானா ஜெயிக்கட்டும்.”

ஒரு புள்ளியில் தோற்றோம். அவரைக் கட்டவிடாமல் செய்தது நான்தான் என்பதுபோலத் தலைவர் என்னைப் பார்த்தார்.