பாக்கெட்டில் இருந்த படகுச் சாவி

வெயிலில் காய்ந்த மூலிகைச் செடிகளின் வாசனை, அதோடு கொஞ்சம் டீசல் வாடை… அந்தக் கிரேக்கத் தீவை நினைத்தால் இதுதான் முதலில் வருகிறது.

எங்கள் இருபதாவது திருமண நாளுக்காக, என் மனைவி ஸ்டெல்லாவின் தம்பி ராபர்ட், ஜெர்மனியில் வேலை பார்ப்பவன், கேப்டனோடு ஒரு பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்திருந்தான். ஆறு நாள், ஐந்து தீவு. நேர அட்டவணையை நான் ஒரகடம் ஃபேக்டரியிலேயே தயாரித்து, லேமினேட் செய்து எடுத்துப் போயிருந்தேன்.

"இன்னா மாமா இது, ஷிஃப்ட் சார்ட்டா?" என்றான் ராபர்ட்.

ஸ்டெல்லா சிரிக்கவில்லை. "ஏங்க, ஏதாவது ஒரு எடத்துல பொழுது சாயற வரைக்கும் சும்மா உக்காந்திருக்கலாமா? கல்யாணம் ஆனதுலேந்து ரெண்டு பேரும் அப்டி உக்காந்ததே இல்ல."

அட்டவணையில் இடமில்லை என்றேன்.

மூன்றாம் நாள் வந்தது அந்தச் சிறிய தீவு. சில வெள்ளை வீடுகள், ஒரு சாப்பாட்டுக் கடை, குன்றின் மேல் ஒரு சர்ச். ஒதுக்கியது ஒரு மணி நேரம். பிற்பகலில் காற்று பலமாகும், அதற்குள் கிளம்ப வேண்டும் என்று கேப்டன் சொல்லியிருந்தார்.

படகைக் கரையில் கட்டிய பிறகுதான் ப்ரொப்பெல்லரில் வலைக்கயிறு சிக்கியிருந்தது தெரிந்தது. கேப்டன் தண்ணீரில் இறங்கினார். நான் உடனே எஞ்சின் சாவியை உருவிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

என்னோடு வேலை பார்த்தவர்களுக்கு இந்த விதி தெரியும். மெஷினில் ஒருவர் கை வைத்திருக்கும்போது, வேறு யாரும் ஸ்டார்ட் செய்துவிடாதபடி சாவி பாக்கெட்டில் இருக்க வேண்டும். சாவியை வைத்திருப்பவர் இடத்தை விட்டு நகரக் கூடாது என்பது விதியின் அடுத்த வரி.

"வாங்க வாங்க, ஒரு மணி நேரந்தானே குடுத்திருக்கீங்க!" ஸ்டெல்லா கையைப் பிடித்து இழுத்தாள்.

நகர்ந்துவிட்டேன்.

குன்றின் மேல் அவள் சர்ச்சுக்கு வெளியே, கடலைப் பார்த்த மதிலில் உட்கார்ந்துகொண்டாள். நான் உள்ளே போய் மெழுகுவர்த்தி ஏற்றினேன். தடித்த சுவர்கள்… வெளிச்சத்தம் எதுவும் கேட்கவில்லை.

சரியாக ஒரு மணி நேரத்தில் இறங்கி வந்தோம். ராபர்ட் தலையில் கை வைத்து நின்றிருந்தான்.

"சாவி எங்க மாமா? கயிறு அஞ்சே நிமிஷத்துல வந்துடுச்சு. போனையும் படகுலயே வெச்சிட்டுப் போயிட்டீங்க. காத்து ஏறுது, உடனே கெளம்பணும்னு கேப்டன் எத்தினி வாட்டி ஹார்ன் அடிச்சாரு!"

கேப்டன் கடலைப் பார்த்தார். இன்று முடியாது என்று கையை விரித்தார். எத்தனையோ ஆபரேட்டர்களுக்கு இதைவிடச் சிறிய தவறுக்கு மெமோ கொடுத்தவன் நான்.

அன்று மாலை முழுவதும் கடை வாசலில், நீல நாற்காலிகளில் நாங்கள் இருவரும். என் அட்டவணையின் மேல் ஒரு பூனை படுத்துக்கொண்டது. சூரியன் இறங்கி முடிக்கும்வரை ஸ்டெல்லா என் தோளில் சாய்ந்திருந்தாள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் படப்பை வீட்டு மொட்டைமாடியில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். கீழே ஷேர் ஆட்டோ ஒன்று விடாமல் ஹார்ன் அடித்தது.

"அன்னிக்கு கேப்டனும் இப்டித்தான் அடிச்சாரு" என்றாள்.

"உனக்குக் கேட்டுச்சா?"

"நல்லா கேட்டுது. ரெண்டு கையையும் வேற ஆட்னாரு. நீங்க சாவிய பாக்கெட்ல போட்டதையும் பாத்தேன்."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா கெளம்பியிருப்பீங்களே."

அன்று ஒரு மாலை சேர்ந்து உட்கார எங்களுக்கு ஒரு தீவும், ஒரு தவறும் தேவைப்பட்டன… இப்போது ஞாயிறுதோறும் மாலை ஐந்தரை மணிக்கு மாடியில் இரண்டு நாற்காலிகளை நானே போட்டுவிடுகிறேன். அதுவரை வண்டிச் சாவி என்னிடம் இருக்கும். அதன் பிறகு, நான் கிளம்பிவிடாதபடி, அவள் கேட்காமலேயே அவளிடம்.