பாசி என்று எழுதிய உறை

பிள்ளைகளா, நோட்டில் தப்பு வந்தால் தாளைக் கிழிக்காதே என்று அப்பா ஏன் கத்துகிறேன் என்று கேட்டீர்கள். சொல்கிறேன்.

நான் வேலை செய்யும் கல்லூரியில் காய்ந்த செடிகளை அடுக்கி வைக்கும் அறை உண்டல்லவா? அங்கே ஆராய்ச்சி செய்யும் ஒரு மேடம், தவளக்குப்பத்துத் தென்னை ஒன்றிலிருந்து வெளிறிய பாசி கொஞ்சம் சுரண்டி வந்தார். அதன் பெயர் ஆக்டோபிளெஃபாரம் என்றார். "எட்டு இமைன்னு அர்த்தம்ணே. விதை மாதிரி தூள் இருக்கிற குப்பி வாயில எட்டு பல்லு இருக்கும், பாருங்க." மைக்ராஸ்கோப்பில் எண்ணினேன். எட்டுதான்.

அந்தப் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை. பாசியைக் காயவைத்து, அதைப் போட்டு மடித்த காகித உறை மேல் 'பாசி' என்று மட்டும் எழுதினேன். நமக்குக் கடற்கரைக் கல்லில் படர்வதும் பாசி, பாத்ரூமில் வழுக்குவதும் பாசி, தென்னையில் இருப்பதும் பாசிதானே. சில வாரம் கழித்து மேசையைத் துடைக்கும்போது, அந்த உறையைக் கடல்பாசி அலமாரியில் வைத்துவிட்டேன்.

மேடத்தின் வாய்மொழித் தேர்வன்று காலை உறையைக் காணோம். அந்தத் தென்னையையும் ரோட்டுக்காக வெட்டியாகிவிட்டது.

"பதினோரு மணிக்குக் காட்டணும்ணே. அது இல்லாம நான் எழுதினத யாரு நம்புவாங்க?"

அவர் குரல் உடைந்ததும் எனக்கு அலமாரி ஞாபகம் வந்தது. தேடிக் கண்டுபிடித்தவன் போலக் கொடுத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் உறை மேல் இருப்பது என் கையெழுத்து.

"நான்தான் மேடம் மாத்தி வெச்சிட்டேன்" என்று உறையை எடுத்து வந்து காட்டி, 'பாசி' என்று எழுதிய மேல்தாளைக் கிழிக்கப் போனேன்.

"ஐயோ, கிழிக்காதீங்கண்ணே!" கையைப் பிடித்துக்கொண்டார். மூச்சு வந்த பிறகு சிரித்தார். "நீங்களாவது அலமாரி மாத்துனீங்க. வெள்ளையா இருக்குன்னு பெரிய படிப்பு படிச்சவங்களே இத ரொம்ப காலம் வேற பாசிக் குடும்பத்துல சேத்து வெச்சிருந்தாங்க. நல்லா உள்ள பாத்துட்டு அப்புறம்தான் மாத்துனாங்க. பழைய சீட்டக் கிழிச்சிருந்தா அது நமக்குத் தெரியுமா? பக்கத்துல சரியான பேர எழுதிப் புதுசு ஒட்டுங்க. கீழ மாத்துனவர் பேரு போடணும். உங்க பேருதான்."

எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதி, கையெழுத்துப் போட்டேன். பசை காயும் முன்பே அவர் மாடிக்கு ஓடினார். அன்று சாயங்காலம் நீங்கள் தின்ற சாக்லேட், அவர் பாஸான சாக்லேட்.

எல்லோரும் போன பிறகு, கடல்பாசி அலமாரியை மறுபடி திறந்தேன். 'பாசி' என்று மட்டும் என் கை எழுதிய உறைகள் இன்னும் மூன்று இருந்தன. எடுத்து மேசையில் வைத்தேன்.