கசிமிரோவின் மின்வேலி

அட்டகாமா பாலைவனத்தில் சொந்த உழைப்பில் இரண்டு தண்ணீர் லாரி வாங்கியவன் நான். பள்ளிக்கூடம் போனது மூன்று வருஷம்தான். பக்கத்து வீட்டு கசிமிரோவுக்கு, கம்பளிக்காக வளர்க்கும் ஒட்டகச் சாயல் கொண்ட லாமாக்களைத் தவிர வேறு சொத்தில்லை. மலையிலிருந்து இறங்கி வரும் பூமா என்ற மலைச்சிங்கத்துக்குப் பயந்து பட்டியைச் சுற்றி மின்வேலி போட்டான். தரமான வேலியாகப் பார்த்து வாங்கித் தந்ததே நான்தான்.

ஒருநாள் மலைமேல் இருக்கும் ரேடியோ தொலைநோக்கி நிலையத்துப் பொறியாளர் யஸ்னா வந்தாள்.

"வானத்தைக் கேக்குற எங்க கருவியில டிக்டிக்குனு என்னமோ பதிவாகுது தாத்தா."

கசிமிரோ ஒரு லாமாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். "வேத்து உலகத்துக்காரங்களா தாயி? இங்க வந்துருவாங்களா?"

"எங்கயாவது இருப்பாங்க. ஆனா பக்கத்து நட்சத்திரத்துக்கே நம்ம ராக்கெட்டு போய்ச்சேர எழுபதாயிரம் வருஷத்துக்கு மேல ஆகும். அவங்களுக்கும் அதே தூரம்தானே? இது உங்க வேலியில தெறிக்கிற மின்பொறியோட சத்தம். அதை நிறுத்திடுங்க."

நான் சிரித்தேன். "எழுபதாயிரம் வருஷமாம்! அதுவரைக்கும் நடுங்கிக்கிட்டே இருக்கப்போறியா? வேலியை அணைடா."

"பூமா வர எவ்வளவு நேரம் ஆகும்ணே?" என்றான் அவன். நானே போய் வேலியின் சுவிட்சை அணைத்தேன்.

மறுநாள் காலையில் பட்டியில் ஒரு லாமா குறைந்தது. கார்னிவல் திருநாளில் அதன் காதில் அவன் கட்டிய சிவப்புக் கம்பளி நூல் மட்டும் ரத்தத்தோடு வெளியே கிடந்தது.

இப்போது பொழுது சாய்ந்தால் நானும் அவனோடு பட்டிக்குள் உட்கார்ந்துகொள்கிறேன். எனக்கெல்லாம் பயம் கிடையாது. ஆனால் மலைக்கு முதுகு காட்டி மட்டும் உட்காருவதில்லை.