வாயைத் திறந்து காட்டிய தொண்ணூறு நாள்

எங்கள் சிகிச்சை மையத்தின் கழிப்பறை மாதம் ஒருமுறை அடைத்துக்கொள்ளும். குழாய் வேலைக்காரர் கம்பியை விட்டு இழுத்தால் பாதி கரைந்த மாத்திரைகள் கொழகொழவென்று வரும். எச்.ஐ.வி. கிருமியை அடக்கி வைக்கிற மாத்திரைகள். அங்கே ரத்தம் எடுக்கும் வேலை எனக்கு. நோயாளிகள்தான் கொட்டுகிறார்கள் என்று முதல் தடவையே தெரிந்தது. ஏன் என்பது பிறகுதான் புரிந்தது.

காரணம் மாத்திரைக்கா, எங்கள் மருந்து கவுண்டரில் இருப்பவள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கிறது. நோயாளிகள் கொண்டுவரும் டப்பாவைத் தட்டில் கொட்டி, ஸ்கேலால் ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணுவாள். இரண்டு மிஞ்ச வேண்டிய இடத்தில் ஒன்பது மிஞ்சினால் ஏழு நாள் சாப்பிடவில்லை என்று அர்த்தம். வரிசையில் நிற்கும் அத்தனை பேர் காதிலும் விழும்படி அரை மணி நேரம் அர்ச்சனை நடக்கும். யார் தாங்குவார்கள்? அடுத்த மாதம் மிஞ்சியதைக் கழிப்பறையில் கொட்டிவிட்டு வந்து நிற்பார்கள். உண்மையோடு வந்தவனுக்கு வசவு, கொட்டிவிட்டு வந்தவனுக்குச் சபாஷ். இந்த லட்சணத்தில் பதினோரு வருஷம் ஓடியது.

அவளைக் கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். அவளும் அதே மாத்திரையைத்தான் விழுங்குகிறாள். புருஷன் தன் வியாதியை மறைத்துக் கட்டிக்கொண்டு, மூன்றே வருஷத்தில் போய்ச் சேர்ந்தான். அவன் மாத்திரையைப் பரண்மேல் ஒளித்து வைத்து, பாதி நாள் மறந்தவன். அந்த ஆத்திரத்தை ஊரார் மேல் காட்டுகிறாள் என்று நினைத்துக்கொள்வேன். சைக்கிள் கடை மாடியில் ஒற்றை அறை, கூட அவள் அம்மா. ஒரு நாள் லீவு போட்டதில்லை.

அவளிடம் வந்துகொண்டிருந்தவர்களில் ஒருத்தி தையல்காரி. ஆயத்த ஆடைக் கம்பெனியில் காலர் தைப்பவள், இரண்டு பிள்ளைகள். நாலு வருஷமாக அவள் டப்பாவில் ஒரு மாத்திரை கூடியதுமில்லை, குறைந்ததுமில்லை. அப்படியிருந்தும் அவள் ரத்தத்தில் கிருமி ஏறியது. கிருமியின் அளவைச் சொல்லும் வைரல் லோடு ஆயிரத்தைத் தாண்டினால் மூன்று மாதம் கவனித்து மாத்திரை கொடுத்து மறுபடி பார்க்க வேண்டும். அப்போதும் இறங்காவிட்டால் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிட்டது, மருந்து தோற்றுவிட்டது, வேறு மருந்துக்கு மாற்ற வேண்டும். விதி இவ்வளவுதான்.

எங்கள் டாக்டர் மாற்றவில்லை. மூன்று மாதம் மூன்று தடவை கழிந்தது. முதலில் எட்டாயிரம், பிறகு இருபதாயிரம், பிறகு நாற்பதாயிரம். ஒவ்வொரு தடவையும் ஃபைலில் ஒரே வரி: மாத்திரை ஒழுங்காக எடுக்கவில்லை.

"எண்ணிக்கை சரியா இருக்கே டாக்டர்," என்றேன்.

"சரியா இருந்தா அதுதான் சந்தேகம். உங்க டாய்லெட்டைப் போய்ப் பாருங்க," என்றார், தலையைக்கூடத் தூக்காமல்.

சீ என்றாகிவிட்டது. கொட்டுகிறவர்களை உண்டாக்கியதும் நாம், அதைக் காட்டிக் கொட்டாதவளைப் பொய்க்காரி என்பதும் நாம். டாக்டர் சொன்னதை மாத்திரைக்காவிடம் சொன்னேன். மறுநாள் தையல்காரியைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"தொண்ணூறு நாள், தினம் காலைல எட்டு மணிக்குப் பின்பக்கக் கதவுக்கு வந்துடு. என் கண்ணு முன்னாடி முழுங்கு. நான் கையெழுத்துப் போடறேன். அப்புறம் எவன் வாயும் பேசாது."

"கம்பெனில எட்டரைக்கு மணி அடிச்சுடுவாங்கக்கா."

"ஓடிப் போ. வேற வழி தெரியல எனக்கு."

வந்தாள். மழையிலும் வந்தாள், சின்னவனுக்குக் காய்ச்சல் என்று அவனைத் தூக்கிக்கொண்டும் வந்தாள். குப்பைத் தொட்டிக்குப் பக்கத்துப் படியில் நின்று மாத்திரையை விழுங்குவாள். வாயைத் திற, நாக்கைத் தூக்கு, கன்னத்தைக் காட்டு என்பாள் மாத்திரைக்கா. முப்பத்திரண்டு வயசுப் பெண் திருடியைப் போல வாயைப் பிளந்து நிற்பாள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

நாற்பதாவது நாள்போல மாத்திரைக்கா என்னிடம் வந்தாள். "அவ நாக்குல தயிரு மாதிரி வெள்ளையா படிஞ்சிருக்கு. தினம் கொஞ்சம் கூடுது. மாத்திரையை ஒளிச்சிருக்காளான்னுதான் பாத்துட்டிருந்தேன். பாக்க வேண்டியது அங்கயே இருந்திருக்கு."

டாக்டரிடம் போனோம். எதிர்ப்புச் சக்தி குறைந்தால் நாக்கில் படியும் பூஞ்சை என்று அதற்கு மட்டும் மருந்து எழுதினார். மாற்றுவதைப் பற்றிக் கேட்டால், தொண்ணூறு நாள் முடியட்டும் என்றார். தையல்காரி சோறு இறங்காமல் ஆறு கிலோ இளைத்தாள். அவளுடைய காலத்தை மனுஷன் தன் வீட்டுத் தண்ணீரைப் போலச் செலவழித்தார்.

தொண்ணூறு கையெழுத்தும் விழுந்தன. நான்தான் ரத்தம் எடுத்தேன். நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்த வேண்டியிருந்தது. ஒரு லட்சத்து அறுபதாயிரம் என்று வந்தது. இனி மறுக்க முடியாமல் டாக்டர் இரண்டாம் வரிசை மாற்று மருந்துக்குக் கையெழுத்துப் போட்டார். படிவத்தில் காரணம் என்ற கட்டத்தில் அவர் எழுதியதை மாத்திரைக்கா எனக்குக் காட்டினாள். நோயாளியின் ஒழுங்கீனத்தால் முதல் மருந்து தோல்வி. தொண்ணூறு கையெழுத்துப் போட்ட தாள் அதே ஃபைலில், அதே கிளிப்பில் இருந்தது. அந்த ஆளின் முகத்தில் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது எனக்கு. மாத்திரைக்கா கட்டத்தை அடித்துத் திருத்தச் சொல்லிக் கேட்டுப் பார்த்தாள். படிவம் மேலிடத்துக்குப் போய்விட்டது என்று சொல்லிவிட்டார்கள்.

புது மருந்தைக் கொடுக்கும்போது அந்த வரியைத் தையல்காரியிடம் மறைக்கவில்லை அவள். படித்துக் காட்டினாள். "நானும் நாலு வருஷம் உன்னைச் சந்தேகமாத்தான் பாத்தேன். மன்னிச்சுக்கோம்மா. இனிமே நீ வர வேண்டாம், வீட்டுலயே போட்டுக்கோ," என்றாள். தையல்காரி தலையாட்டிவிட்டுப் போனாள்.

மறுநாள் எட்டு மணிக்குப் பின்பக்கக் கதவைத் தட்டுகிற சத்தம். திறந்தால் அவள்தான், கையில் புது டப்பாவும் தண்ணீர் பாட்டிலும்.

"அதான் வர வேண்டாம்னு சொன்னேனே," என்றாள் மாத்திரைக்கா.

"நாளைக்கு இதுவும் கேக்கலன்னா, நான் சாப்பிட்டேன்னு யாரு சொல்லுவாங்கக்கா?"

விழுங்கினாள். சொல்லாமலே வாயைத் திறந்து நாக்கைத் தூக்கினாள். மாத்திரைக்கா பேனாவைத் தேடிக்கொண்டு உள்ளே போனாள்.